விலாசம் மாறிப்போன வசவு

என் தம்பி சாமுவேல் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. பள்ளியில் பாடம் ஒப்பிக்கும்போதுகூடக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டுதான் நிற்பான். சோறு போட்டால் பாதியில் எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவான். யார் வரப் போகிறார்கள் என்று கேட்டால், "யாரும் இல்லக்கா, சும்மா" என்பான். 1884-ஆம் வருஷம் மார்ச்சு ஒன்பதாம் தேதி ஆம்பூரில் பிறந்தான். அவனுடைய ஞானஸ்நானச் சீட்டு இன்றும் என் பெட்டியில் இருக்கிறது.

எங்கள் அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சுண்ணாம்பில் வெந்து வெந்து அப்பாவின் விரல்களில் ரேகையே இல்லாமல் போனது. எங்காவது கைநாட்டு வைக்கச் சொன்னால் வெறும் மைப்பொட்டுதான் விழும். அப்படிப்பட்டவருடைய மகன் எட்டாவது வரை படித்து, இருபத்தோராவது வயதில் அப்துல் வஹாப் சாயபுவின் தோல் ஷாப்பில் ரைட்டராக நாற்காலி போட்டு உட்கார்ந்தான். மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் எழுதும் இங்கிலீஷ் கடிதங்களைச் சாயபுவுக்குத் தமிழில் வாசித்துச் சொல்வதும், பதில் எழுதுவதும் அவன் வேலை. எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் தோல் ஷாப்புக்குள் செருப்புக் காலோடு போனதில்லை. அவன் போனான். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

வஹாப் சாயபு கோபக்காரர்தான், ஆனால் நாலு பேர் பார்க்க யாரையும் திட்ட மாட்டார். தப்புச் செய்தவனை ஆவாரம்பட்டை அடுக்கி வைத்திருக்கும் கிடங்குக்குக் கூப்பிடுவார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வைத்துத் திட்டித் தீர்ப்பார். வெளியே வந்ததும் அவனிடமே வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். அதோடு சரி. "இன்னா, பட்டைக் கிடங்கு போயிட்டு வந்தியா?" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். உள்ளே என்ன பேச்சு நடந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அந்த ஷாப்பில் அது ஒரு வழக்கமாகவே இருந்தது. ஆட்கள் அங்கே வருஷக்கணக்கில் தங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அங்கே காசி என்று ஒருவர் இருந்தார். கடைசித் தொட்டி அவர் பொறுப்பு. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அப்படிச் சிவக்காமல் இருக்க, கடுக்காய்த் தண்ணீரில் நாலு நாள் போட வேண்டும். அந்த நாலு நாளையும் காசி கையை விட்டே கணக்குப் பார்ப்பார். தண்ணீரில் முழங்கைவரை விட்டுத் தோலைப் பிசைந்து, முகர்ந்து, "இன்னிக்கு வேணாம்" என்பார். அவர் வேணாம் என்றால் சாயபுவே எடுக்கச் சொல்ல மாட்டார்.

1909 பிப்ரவரியில் ஒரு சரக்கு மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை வரவேண்டிய ரயில் வேகன் மூன்று நாள் முந்தி, செவ்வாயே கிடைக்கும் என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சொன்னான். விட்டால் அடுத்த வேகனுக்கு இரண்டு வாரம் ஆகும், கப்பலும் போய்விடும். சாயபு வாணியம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். தோலுக்கு எண்ணெய் போடுவதையும் நிழலில் காயப்போடுவதையும் குறைக்க முடியாது. குறைப்பதென்றால் கடுக்காய்த் தொட்டியில்தான் குறைக்க வேண்டும்.

காசி ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு நாளு ஊறி எடுத்தா செங்கல்லு மாதிரி ஆயிடும், ரைட்டரே. போற வழியிலேயே சிவக்கும்."

அப்போதுதான் என் தம்பி அந்த வார்த்தையைச் சொன்னான். "சாயபு சொல்லிட்டாரு காசியண்ணே. எடுத்துடுங்க."

சாயபு சொல்லவில்லை. சொல்லியிருப்பார் என்று இவன் நினைத்தான். அவ்வளவுதான். காசி தொட்டியில் இன்னொரு தரம் கையை விட்டுப் பார்த்தாராம். பிறகு எடுத்தார். சரக்கு செவ்வாயன்று போய்விட்டது. சாயபு திரும்பி வந்ததும், "வேகன் கிடைச்சுதா? சபாஷ்" என்று தம்பியின் முதுகில் தட்டினார். அன்று அவன் என் வீட்டுக்கு வந்து மூன்று தரம் எழுந்து வாசலைப் பார்த்தான்.

ஜூன் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, மெட்ராஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. லண்டன் கிடங்கில் கட்டுகளைப் பிரித்துப் பரப்பிய ஒரே வாரத்தில் தோலெல்லாம் சிவந்துவிட்டதாம். வாங்குகிறவர்கள் கை வைக்கவில்லையாம். கடிதத்தின் அடியில் அங்கிருந்த ஒரு துரை தன் கையாலேயே இரண்டு வரி சேர்த்து எழுதியிருந்தார். உங்கள் சிவப்புத் தோலுக்காக லண்டனிலிருந்து எங்களுக்கு நல்ல விக்கிங் கிடைத்தது, சம்பந்தப்பட்ட ஆளிடம் அதை அப்படியே சேர்த்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன் என்று.

சாயபு கேட்டார். "விக்கிங்னா இன்னா? கிடைச்சுதுன்னு எழுதறான், சேர்த்துடுன்னு எழுதறான். பார்சல் ஏதாச்சும் வந்துச்சா?"

"பார்சல் இல்ல சாயபு. வார்த்தை எனக்குத் தெரியல. திட்டுன்னு நினைக்கிறேன். நிச்சயமா கேட்டுக்கினு வந்து சொல்றேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் உண்மையை மறைக்காமல் எழுதுவதென்றால் இன்னொன்றும் எழுத வேண்டும். கேட்டு வர ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் அவனுக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஜட்கா வண்டியில் வேலூர் லாங் பஜாருக்குப் போனான். அங்கே ராமலிங்கம் என்று ஒரு மனு எழுதுகிறவர் இருந்தார். வெள்ளைக்காரப் பட்டாளத்து ஆபீஸில் பதினெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து விலகியவர். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத இங்கிலீஷெல்லாம் அவருக்குத் தெரியும். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கடிதத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இத வாங்காத சிப்பாய் உண்டா? திட்டுதான்யா. ஆனா சும்மா திட்டு இல்ல. கர்னல் உன்ன ரூமுக்குக் கூப்ட்டு காதுக்குள்ள ஓதினா அதுக்கு வேற பேரு. பட்டாளம் மொத்தத்தையும் நிக்க வெச்சு, நடுவுல உன்ன நிறுத்தித் திட்றான் பாரு, அதான் விக்கிங்."

"ஏன் அந்தப் பேரு?"

"விக்னா டோப்பா முடி. அந்தக் காலத்துல அவங்க ஊர்ல ஜட்ஜு, பாதிரி, பெரிய பெரிய துரைங்க எல்லாம் வெள்ளையா டோப்பா வெச்சுக்குவாங்க. பெரிய மனுஷன்னாலே பெரிய டோப்பா. அந்த டோப்பாவுக்கு அடியில இருந்து வர்ற வசவு இது. அப்படித்தான் பட்டாளத்துல சொல்லிக்குவாங்க. நிஜமா அதுலேர்ந்துதான் வந்துச்சான்னு எனக்குத் தெரியாது. நம்ம ஊர்ல தலப்பா கட்டினவன் திட்றான், அங்க டோப்பா வெச்சவன் திட்றான். வாங்குறவன் தல எங்கயும் மொட்டைத் தலதான்." பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்து, "யாருக்கு வந்துருக்கு? உனக்கா?" என்று கேட்டாராம்.

"இன்னும் தெரியல" என்று சொல்லிவிட்டு இவன் எழுந்து வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. அவன் மனைவி முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்ததால் அப்போது என் வீட்டில்தான் சாப்பாடு. அன்றைக்கு முழுவதும் அவன் பாலாற்று மணலில் நடந்துகொண்டிருந்தான். ஆற்றில் தண்ணீர் இல்லை, மழை இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. சாப்பிடக் கூப்பிட்டு வர இரண்டு முறை போனேன். எதற்கு இப்படி அலைகிறாய் என்று கேட்டதற்கு நடையைத்தான் கூட்டினான். அவன் போட்டிருந்த கணக்கை எனக்குப் பின்னால் சொன்னான். அர்த்தத்தைச் சொன்னதும் சாயபு எப்போதும்போல் பட்டைக் கிடங்குக்குப் போவார், காசியைக் கூப்பிடுவார், அதற்குள் தானும் உள்ளே நுழைந்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிடலாம். கதவுக்குள்ளேயே முடிந்துவிடும்.

சனிக்கிழமை காலை, வேலூரில் கேட்டறிந்ததைச் சாயபுவிடம் ஒன்று விடாமல் சொன்னான். காதுக்குள் ஓதுவது வேறு, எல்லாரையும் நிறுத்தி வைத்துத் திட்டுவது வேறு என்பதையும் சேர்த்தே சொன்னான். விட்டுவிட்டுச் சொல்ல அவனுக்கு வராது.

வஹாப் சாயபு கம்பெனிக் கடிதத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர். கடிதத்தில் இத்தனை கட்டு என்றிருந்தால் அத்தனை கட்டு, இந்தத் தேதி என்றிருந்தால் அந்தத் தேதி. அப்படித்தான் தொழிலில் பேர் எடுத்தார். அவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நம்ம ஷாப்புல இப்டி வழக்கம் கிடையாது. ஆனா அப்படியே சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கான். எல்லார் முன்னாடியும்னா எல்லார் முன்னாடியும்தான்."

"சாயபு, ஒரு நிமிஷம், நான் ஒண்ணு..."

"அப்புறம் சொல்லு. இதை முடிச்சுட்டு வர்றேன்."

அவர் நேரே முற்றத்துக்கு நடந்தார். இவன் பின்னாலேயே ஓடினான். தோல் வழிக்கிறவர்கள், பட்டை இடிக்கிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாருமாக நாற்பத்திரண்டு பேர் வேலையை விட்டு நின்றார்கள்.

"காசி! உன் கையில தோலு குடுத்தனா, செங்கல்லு குடுத்தனா? பன்னெண்டு வருஷம் என் உப்பைத் தின்னுட்டு என் மார்க்கா மேல சேறு பூசியிருக்கே! லண்டன்ல சிரிக்கிறான்! உன் கைய நம்பி நான் தூங்கினேன் பாரு, என்னச் சொல்லணும்! இனிமே கடுக்காய்த் தொட்டில கை வெக்கறதுக்கு முன்னாடி யாரையாச்சும் கேட்டுக்கினு வை!"

காசி முழங்கைவரை ஈரத்தோடு நின்றார். சாயபுவின் முகத்தையே பார்த்தார். அவருக்குத் தெரிந்தவரையில், எடுக்கச் சொன்னதே சாயபுதான். தானே சொல்லிவிட்டுத் தன்னையே ஊர் பார்க்கத் திட்டும் முதலாளியிடம் என்ன பேசுவது? தம்பி இரண்டடி முன்னால் வைத்து அங்கேயே நின்றுவிட்டானாம். சாயபு திரும்பி நடந்துவிட்டார். காசி கையைத் துடைத்துக்கொண்டு, தன் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில்தான் தம்பி எல்லாவற்றையும் என்னிடம் சொன்னான். ஒரு இடத்தில் நிற்காமல், எனக்கு முன்னால் நடப்பதும் திரும்பி வருவதுமாகச் சொன்னான்.

நான் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். "பேசாம இரு" என்றேன். "ஒரு வாரம் போனா எல்லாம் ஆறிடும். காசிக்கு வேற ஷாப்புல வேலை கிடைக்காதா? நம்ம தெருவுல நாற்காலியில உட்கார்ந்தது நீ ஒருத்தன்தான். அதையும் விட்டுட்டு வந்து நிப்பியா? அப்பா கைய நெனச்சுப் பாரு."

"அப்பா கைய நெனச்சுத்தான்க்கா முடியல" என்றான். "காசி கையும் அதே கைதான்."

அன்று அவன் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை சாயபுவைத் தானே பட்டைக் கிடங்குக்குக் கூப்பிட்டுப் போய் உண்மையைச் சொன்னான். கதவு சாத்தியிருந்தும் சாயபுவின் குரல் வெளியே கேட்டதாம். கடைசியில் அவர் களைத்துப்போய்ப் பட்டை மூட்டைமேல் உட்கார்ந்தார். "சரி, வாங்கிட்டே. முடிஞ்சுது. காசியைக் கூட்டிக்கினு வா. நாலு நல்ல வார்த்தை சொல்லிச் சேர்த்துக்கறேன்" என்றார். வெற்றிலையும் கேட்டார்.

காசியின் வீட்டில் அவர் மனைவி அமிர்தவள்ளி மட்டும் இருந்தாள். "நெமிலிக்குப் போய்ட்டாரு, எங்கண்ணன் ஊட்டுக்கு. ஏர் ஓட்டப் போறாராம். இந்த வாரக் கடைசில வந்து எங்களயும் கூட்டிக்கினு போறன்னாரு. உங்க நாத்தமே வேணாமாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முதல் ரயிலைப் பிடித்து அரக்கோணம் போய், மாட்டுவண்டியில் நெமிலி சேர்ந்தான் தம்பி. காசி கிணற்றடியில் ஏற்றக்கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். அவருக்கு ஏற்றமும் தெரியாது, ஏரும் தெரியாது. கயிற்றைத் தப்பாக முடிந்து அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டிருந்தார். தம்பி நடந்ததைச் சொன்னான். சாயபு சொல்லவில்லை, நானாகச் சொன்னேன் என்றான்.

காசி கயிறு முடிவதை நிறுத்தினார். "அப்ப சாயபு தெரியாமத்தான் திட்டினாரா?"

"ஆமாண்ணே."

"அது போதும். அவர் மேல இருந்த கசப்பு போயிடுச்சு."

"அப்ப வர்றீங்களா?"

"எப்டி வர்றது? நீ இங்க கெணத்தாண்ட வந்து என் காதுல சொல்றே. சாயபுகிட்ட பட்டைக் கிடங்குல சொன்னே. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு போச்சு. அங்க நாப்பத்திரெண்டு பேருக்கு இன்னா தெரியும்? காசி தோலக் கெடுத்தான், சாயபு மனசு எறங்கிச் சேர்த்துக்கினாருன்னு. நாளைக்கு நான் வேணாம்னு சொன்னா எவன் கேப்பான்? என் கையி பேசணும்யா தொட்டியில. அது பேசாதுன்னா நான் எதுக்கு அங்க?"

தம்பி அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக் கீழே வைத்தான். பிறகு, "கத்திய எடுத்துக்குங்க. நாளைக்கு கேட்டுக்கு வெளிய நில்லுங்க. உள்ள வர வேணாம். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றான்.

புதன்கிழமை, ஜூன் பதினாறு. எல்லார் முன்னாலும் என்னைத் திட்டுங்கள் என்று தம்பி கேட்டதற்குச் சாயபு ஒப்புக்கொள்ளவே இல்லை. "உன்ன நான் முத்தத்துல வெச்சுத் திட்டினா, அப்புறம் நீ சொல்றத எவன் கேப்பான்? ரைட்டர்னு ஒருத்தன் வேணாமா எனக்கு? பேஜார் பண்ணாதே. உன்னதான் உள்ள வெச்சுத் திட்டியாச்சே."

தம்பி சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். "சம்பந்தப்பட்ட ஆளுக்குச் சேர்க்கணும்னு எழுதியிருக்கு சாயபு. அது நான்தான். சனிக்கிழமை விலாசம் மாறிப் போய்ச் சேர்ந்துடுச்சு. இன்னும் எனக்கு வந்து சேரல."

சாயபு கடிதத்தைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனாலும் அடியிலிருந்த கையெழுத்து வரிகளை விரலால் தொட்டுப் பார்த்தாராம். கடிதத்தில் இருப்பதைச் செய்யாமல் விட்டது அவர் வாழ்க்கையில் கிடையாது. "யா அல்லா" என்று எழுந்தார்.

அன்று நான் மதியச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கேட்டுக்கு வெளியே காசி நின்றுகொண்டிருந்தார். கக்கத்தில் துணி சுற்றிய கத்தி. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே வேலை நின்றது. சாமுவேல் முற்றத்தின் நடுவில் நின்றான். காலை மாற்றி மாற்றி ஊன்றவில்லை. இரண்டு காலும் தரையில் இருந்தன. அதை நான் கவனித்தேன்.

சாயபுவுக்குத் தொடங்க வரவில்லை. தொண்டையைக் கனைத்தார். பிறகு வந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க! பிப்ரவரி சரக்குல கடுக்காய்த் தொட்டி நாளக் குறைக்கச் சொன்னது நான் இல்ல! காசி வேணாம்னு சொன்னான்! இந்த ரைட்டர், நான் ஊர்ல இல்லாதப்போ, என் பேரச் சொல்லி எடுக்க வெச்சான்! டேய் சாமுவேல், என் நாக்க யார்றா உனக்கு வாடகைக்கு வுட்டது? நாற்காலியில உக்காந்தா தொட்டி வாசனை மறந்து போச்சா? உங்கப்பன் சுண்ணாம்புக் குழியில நின்ன ஆளு, ஒரு நாளு இன்னொருத்தன் பேரச் சொல்லி ஒரு தோலத் தொட்டதில்ல! உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு இது? நாலு நாளா இன்னொருத்தன் உன் வசவச் சுமந்துக்கினு திரிஞ்சான், வெக்கமா இல்ல?"

அப்பாவின் பேரை எடுத்ததும் எனக்குக் கண் கலங்கியது. நான் 'பேசாம இரு' என்று சொன்னதும் அதே அப்பாவின் பேரை வைத்துத்தான். ஒரு பெண் சிரித்தாள், பக்கத்திலிருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள். தம்பி தலை குனியவில்லை, நிமிரவும் இல்லை. திட்டுகிறவர் முகத்தைப் பார்த்து நின்றான், சனிக்கிழமை காசி நின்றதுபோலவே.

சாயபு மூச்சு வாங்க நிறுத்தினார். இன்னும் தொடரலாமா என்று அவருக்கே சந்தேகம் வந்ததுபோல் கேட்டுப் பக்கம் பார்த்தார்.

காசி உள்ளே போனார். யாரையும் பார்க்காமல் நேரே தன் தொட்டிக்குப் போய்க் கையை விட்டார். முகர்ந்தார்.

"நாலு நாளா தண்ணி மாத்தலியா? புளிச்சுக் கெடக்குது" என்றார் பொதுவாக. பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "இன்னா ரைட்டரே, அந்தத் துரை அனுப்பிச்சது இவ்ளோதானா? எனக்குக் குடுத்தது ரெண்டு படி ஜாஸ்தி."

முற்றம் முழுக்கச் சிரித்தது. சாயபுவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெற்றிலைக்குக் கை நீட்டினார். தம்பியிடம் வெற்றிலை இல்லை. காசிதான் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

தம்பி அந்த ஷாப்பில் இன்னும் இருபத்திரண்டு வருஷம், 1931 வரை, ரைட்டராக இருந்தான். சாயபு பயந்ததுபோல் யாரும் அவன் பேச்சைத் தட்டவில்லை. அந்த வாரத்துக்குப் பிறகு மெட்ராஸ் கடிதம் எது வந்தாலும் முற்றத்தில் நின்றே வாசிக்க வேண்டும் என்று சாயபு சொல்லிவிட்டார், திட்டானாலும் சரி, பாராட்டானாலும் சரி. வேகன் சேதி வந்தால் தம்பி முதலில் நாற்காலியை விட்டு எழுந்து தொட்டிக்குப் போவான். எல்லார் காதிலும் விழும்படி, "காசியண்ணே, எடுக்கலாமா?" என்பான்.

காசி அவசரப்பட மாட்டார். கையை விட்டுப் பிசைவார், முகர்வார். அவர் பதில் சொல்லும்வரை என் தம்பி அங்கேயே நிற்பான், காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு.